மீசைப்புலிமலை ஏறப் போறீங்களா? தமிழக–கேரள எல்லை மலைகளில் கால் வைக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகும் சாலையில் கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் கடைப் பலகைகளில் எழுத்து மாறிவிடும். தெற்கே தெரியும் மலை மட்டும் மாறாது. நாம் ஆனைமலை என்று சொல்வதும், கேரளத்தில் பறம்பிக்குளம், நெல்லியாம்பதி என்று சொல்வதும் ஒரே மலைக்கூட்டத்தின் பகுதிகள்தான். அது தென்கிழக்கே நீண்டு, மூணாறு அருகே ஆனைமுடியாக உயர்ந்து, தேனி மாவட்ட எல்லைக்கு மேலே மீசைப்புலிமலையாக நிற்கிறது.

ஆனைமுடியைப் பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே படித்திருப்பீர்கள். மீசைப்புலிமலை அப்படியில்லை. 2015-ல் 'சார்லி' என்ற மலையாளப் படம் வரும்வரை கேரளத்திலேயே பலருக்கு அந்தப் பெயர் தெரியாது. இன்று சென்னை, கோவை, பெங்களூரு ஐடி அலுவலகங்களின் வாட்ஸ்ஆப் குழுக்களில் 'லாங் வீக்கெண்ட்' என்றதும் வரும் பெயர்களில் இதுவும் ஒன்று.

போகலாமா? தாராளமாகப் போகலாம். ஆனால் யாரிடம் அனுமதி, எந்த மாதம், எந்தப் பாதை என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரியாமல் போகக்கூடாது. 2018 மார்ச்சில் இதே மலையடிவாரத்தில் நடந்தது அதைத்தான் சொல்கிறது.

எங்கே இருக்கிறது, எவ்வளவு உயரம்?

மீசைப்புலிமலையின் உயரம் 2,640 மீட்டர். தென்னிந்தியாவின் மிக உயரமான சிகரமான ஆனைமுடி 2,695 மீட்டர், ஊட்டி தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதாவது ரோடு போட்டு, டீக்கடையும் தொலைநோக்கி இல்லமும் வைத்திருக்கும் தொட்டபெட்டாவைவிட மூன்று மீட்டர் உயரமான ஒரு சிகரத்துக்கு நீங்கள் நடந்தே போகப் போகிறீர்கள்.

சிகரம் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டி இருக்கிறது. சுற்றிலும் சோலைக்காடும் புல்வெளியும் மாறிமாறி வரும். பள்ளங்களில் குட்டையான, அடர்ந்த சோலை, மேடுகளில் புல். மழைநீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, மழையில்லாத மாதங்களிலும் ஓடைகளில் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது இந்த அமைப்புதான். வரையாட்டின் வீடும் இதுதான். 2024-ல் தமிழகத்தில் நடந்த கணக்கெடுப்பில் 1,031 வரையாடுகள் இருப்பதாக மதிப்பிடப்பட்டது. ஒரு மாநிலத்தின் மாநில விலங்கு, ஒரு நடுத்தர ஐடி கம்பெனியின் ஊழியர் எண்ணிக்கை அளவுக்குத்தான் இருக்கிறது.

கோவை, பொள்ளாச்சி பக்கமிருந்து வருபவர்களுக்கு உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு. மதுரை, சென்னை பக்கமிருந்து வருபவர்களுக்குத் தேனி, போடி, போடிமெட்டு, பூப்பாறை வழியாக மூணாறு.

அனுமதி யாரிடம் வாங்கணும்?

எல்லை மலைகளில் பெரிய குழப்பமே இதுதான். மலை ஒரு மாநிலத்தில் இருக்கும், அதற்குப் போகும் சாலை இன்னொரு மாநிலத்தில் இருக்கும்.

பறம்பிக்குளம் புலிகள் காப்பகம் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் வண்டியில் போக வேண்டுமானால் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று தமிழகம் வழியாகத்தான் போக வேண்டும். கொழுக்குமலை தேயிலைத் தோட்டம் இதற்கு நேர் தலைகீழ். அது இருப்பது தமிழகத்தின் தேனி மாவட்டத்தில். ஜீப் போகும் பாதையோ கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து. கொழுக்குமலையில் சூரிய உதயம் பார்த்துவிட்டு ரீல்ஸ் போடுபவர்களில் பலருக்கு, தாங்கள் நின்றது தமிழ்நாட்டில் என்பதே தெரியாது.

ஆகவே ஒரு விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கால் படும் நிலம் எந்த மாநில வனத்துறையிடம் இருக்கிறதோ, அவர்களுடைய அனுமதிதான் செல்லும். பாதை எல்லையைத் தாண்டினால் இரண்டு பக்க அனுமதியும் வேண்டும்.

மீசைப்புலிமலையைப் பொறுத்தவரை, மூணாறில் இருந்து கேரள வன மேம்பாட்டுக் கழகம் நடத்தும் பயணம்தான் முறையான வழி. சைலன்ட் வேலி எஸ்டேட் பக்கமாக ஜீப்பில் ஏறி, கழகத்தின் கூடாரத்திலோ ரோடோ மேன்ஷன் விடுதியிலோ இரவு தங்கி, காலையில் கழகத்தின் வழிகாட்டியோடு நடக்க வேண்டும். (பெயரைப் பார்த்து பாலக்காட்டின் சைலன்ட் வேலி தேசியப் பூங்கா என்று நினைத்துவிடாதீர்கள். இது மூணாறு தேயிலை எஸ்டேட்டின் பெயர். கூகுள் மேப்பில் தவறான இடத்தை அழுத்தினால் வேறொரு மாவட்டத்துக்குப் போய்ச் சேர்வீர்கள்.) இடங்கள் குறைவு என்பதால் விடுமுறை நாட்களுக்கு முன்கூட்டியே பதிவு செய்துவிட வேண்டும்.

"அதெல்லாம் வேணாம் சார், நமக்குத் தெரிஞ்ச வழி ஒண்ணு இருக்கு" என்று யாராவது சொன்னால், அது அனுமதியில்லாத வழி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சரணாலயம் அல்லது தேசியப் பூங்கா எல்லைக்குள் அனுமதியின்றி நுழைவது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2022-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இதற்கு 3 ஆண்டுகள் வரை சிறை, ரூ.1 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம்.

2018 மார்ச் 11: குரங்கணியில் என்ன நடந்தது?

கொழுக்குமலைக்கு நேர் கீழே, போடிநாயக்கனூர் பக்கம் இருக்கும் மலையடிவாரக் கிராமம் குரங்கணி. 2018 மார்ச் 10, சனிக்கிழமை. சென்னையிலிருந்து ஒரு குழுவும், திருப்பூர், ஈரோடு பகுதிகளிலிருந்து இன்னொரு குழுவும் அங்கிருந்து கொழுக்குமலைக்கு ஏறின. சென்னைக் குழுவில் பெண்கள் அதிகம். பலர் ஐடி நிறுவனங்களில் வேலை பார்த்தவர்கள். இரவு மேலே தங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை இறங்கும்போது காட்டுத்தீயில் சிக்கினார்கள்.

புல் காய்ந்திருந்தது. காற்று பலமாக இருந்தது. பழக்கமில்லாத இடத்தில் ஆளுக்கொரு பக்கம் சிதறினார்கள். சிலர் பள்ளங்களில் விழுந்தார்கள். முதலில் ஓடி வந்தவர்கள் உள்ளூர் மக்களும் தோட்டத் தொழிலாளர்களும். பிறகு விமானப்படை ஹெலிகாப்டர்களும் கமாண்டோக்களும் வந்தார்கள். மதுரை உள்ளிட்ட மருத்துவமனைகளில் தீக்காயங்களோடு சேர்க்கப்பட்டவர்களில் பலர் அடுத்தடுத்த நாட்களில் இறந்தார்கள். மொத்தம் 20-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

அந்தப் பாதைக்கு முறையான அனுமதி பெறப்படவில்லை என்று அரசுத் தரப்பில் சொல்லப்பட்டது. அப்போதைய வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறைச் செயலர் அதுல்ய மிஸ்ரா தலைமையில் விசாரணை நடந்தது.

இறந்தவர்கள் விளையாட்டுத்தனமாகப் போனவர்கள் அல்ல. உங்களையும் என்னையும் போல வார விடுமுறைக்குப் பணம் கட்டி, ஷூ வாங்கி, திங்கள்கிழமை அலுவலகம் திரும்பிவிடலாம் என்று போனவர்கள். 'ஆர்கனைசர் எல்லாம் பார்த்துப்பாங்க' என்று நம்பியவர்கள்.

அதற்குப் பிறகு என்ன மாறியது?

2018-லேயே தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. வனப்பகுதியில் எந்த மலையேற்றத்துக்கும் முன் அனுமதி கட்டாயம். பாதைகள் எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரிக்கப்பட்டன. பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தீப்பருவம் என்பதால் மலையேற்றம் நிறுத்தப்படுகிறது.

2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கப்பட்டது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். ஆன்லைனில் பதிவு செய்யலாம். மலைவாழ் மக்களும் வனத்தை ஒட்டிய கிராமத்தினரும் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக வருகிறார்கள். குரங்கணி–சாம்பலாறு, பொள்ளாச்சிக்கு மேலே டாப்ஸ்லிப்–பண்டாரவரை போன்ற பாதைகள் இதில் உண்டு. மீசைப்புலிமலைக்கு இடம் கிடைக்கவில்லை என்றால் திருட்டுவழி தேடுவதற்குப் பதில் இவற்றில் ஒன்றைப் பாருங்கள்.

எந்த மாதம் போகலாம்?

டிசம்பர் முதல் பிப்ரவரி முதல் வாரம் வரை: வானம் தெளிவாக இருக்கும். நடக்க ஏற்ற காலம். ஆனால் இரவுக் குளிரை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூணாறைச் சுற்றியுள்ள உயரமான எஸ்டேட்டுகளில் ஜனவரியில் உறைபனி விழுவது உண்டு.

பிப்ரவரி நடுப்பகுதி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை: தீப்பருவம். கேரளத்தில் இரவிகுளம் தேசியப் பூங்காவும் வரையாடுகள் குட்டி ஈனும் காலம் என்பதால் வழக்கமாக பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மூடப்படும். இந்த இரண்டு மாதங்களை மலைக்கே விட்டுவிடுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை: தென்மேற்குப் பருவமழை. பனிமூட்டம், அட்டை, மண்சரிவு. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் குடியிருப்புகள் மண்ணுக்குள் போயின. 70 பேர் பலியானார்கள். பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கே அந்த மழை நேரம் கொடுக்கவில்லை.

அக்டோபர், நவம்பர்: வடகிழக்குப் பருவமழை. காலையில் வெயில் அடிக்கும், மதியம் இடி இறங்கும். புல்வெளிச் சிகரத்தில் உயரமான பொருள் நீங்கள் மட்டும்தான். மின்னலுக்கும் இடிச்சத்தத்துக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் உடனே சிகரத்தை விட்டும் முகட்டை விட்டும் இறங்குங்கள். தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள்.

குறிஞ்சி பார்க்கத்தான் போகிறேன் என்பவர்களுக்கு: நீலக்குறிஞ்சி மூணாறு மலைகளில் 2018-ல் பூத்தது. 12 வருடக் கணக்குப்படி அடுத்தது 2030.

தீயைப் பார்த்தால் என்ன செய்யணும்?

தீ சமதளத்தைவிட மேட்டில் வேகமாக ஏறும். மேலே இருக்கும் புல்லைக் கீழிருந்து வரும் வெப்பம் முன்கூட்டியே காயவைத்துவிடுவதுதான் காரணம். தீயணைப்புத் துறையினர் பயன்படுத்தும் தோராயக் கணக்கு ஒன்று உண்டு. சரிவு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 20 டிகிரிச் சரிவில் நான்கு மடங்கு, 30 டிகிரியில் எட்டு மடங்கு. முதுகில் பையோடு மேட்டில் ஓடும் மனிதனின் வேகமோ பாதியாகக் குறையும்.

அதனால், தீ கீழே இருந்தால் மேலே ஓடி ஜெயிக்க முடியாது. பக்கவாட்டில் விலகி, எரிய ஒன்றுமில்லாத இடத்துக்குப் போங்கள்: பாறை, ஓடை, மண்சாலை அல்லது ஏற்கெனவே எரிந்து முடிந்த தரை. குறுகலான பள்ளத்துக்குள் இறங்காதீர்கள். அது புகைபோக்கி மாதிரி வேலை செய்யும். நைலான், பாலியஸ்டர் துணி வெப்பத்தில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்; மேலே போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். வேறு வழியே இல்லையென்றால் வெற்றுத் தரையில் முகம் கீழே வைத்துப் படுத்து, பருத்தி அல்லது கம்பளித் துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், தூரத்தில் புகை தெரிந்தாலே பயணத்தை ரத்து செய்யுங்கள். 'அது அடுத்த மலையிலதான்' என்பது ஆறுதல், கணக்கு அல்ல.

யானை, புலி பயம் வேண்டுமா?

பயம் வேண்டாம், மரியாதை வேண்டும். சூரியநெல்லி, சின்னக்கானல் பகுதி யானைகளின் நடமாட்டப் பாதை. அங்கே அரிசிக்காகக் கடைகளை உடைத்துப் பெயர் வாங்கிய அரிக்கொம்பன் யானை, 2023 ஏப்ரல் 29-ல் பிடிக்கப்பட்டு பெரியாறு காப்பகத்தில் விடப்பட்டது. ஒரே மாதத்தில் அது கம்பம் ஊருக்குள் நடந்து வந்தது. ஜூன் 5-ல் தமிழக வனத்துறை பிடித்து, களக்காடு முண்டந்துறையில் விட்டது. யானைக்கு மாநில எல்லை கிடையாது. விடிவதற்கு முன்பும் இருட்டிய பிறகும் நடக்காதீர்கள், கூட்டத்தை விட்டுப் பிரியாதீர்கள், ஸ்பீக்கரில் பாட்டு வேண்டாம். வழிகாட்டி நில்லுங்கள் என்றால் போட்டோ எடுக்காமல் நில்லுங்கள்.

உடம்பு தாங்குமா?

உயரம் ஒவ்வொரு 1,000 மீட்டர் கூடும்போதும் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும். கோபாலபுரம் இருக்கும் சமவெளியிலிருந்து சிகரம் சுமார் 2,400 மீட்டர் மேலே. அதாவது அங்கே 35 டிகிரி அடிக்கும்போது மேலே 20-ஐ ஒட்டித்தான் இருக்கும். காற்று அடித்தால் அதைவிடக் குளிரும். உயரத்தால் வரும் தலைவலி, குமட்டல் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தொடங்கும் என்பதால் இங்கே பெரிய ஆபத்து இல்லை. ஆனாலும் தலைவலி கூடிக்கொண்டே போனால் இறங்குவதுதான் மருந்து.

நிஜமான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. நாள் முழுக்க நாற்காலி, இரவு முழுக்கப் பேருந்து, காலையில் நேராக ஏற்றம். கோவை வெள்ளியங்கிரியில் 2024 சீசனில் மலையேறிய பக்தர்கள் பலர் மூச்சுத்திணறியும் மாரடைப்பாலும் இறந்ததை நினைவில் வையுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, ஆஸ்துமா இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போகக்கூடாது. மற்றவர்கள் குறைந்தது ஆறு வாரம் லிஃப்டை மறந்து படி ஏறுங்கள். முதுகில் ஐந்து கிலோ பையோடு 30 நிமிடம் பேசிக்கொண்டே ஏற முடிந்தால் நீங்கள் தயார்.

நேரம் கணக்கிட ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் சொன்ன வழி இன்றும் பயன்படுகிறது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். பழக்கமில்லாதவர்கள் வரும் விடையை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு 'திரும்பும் நேரம்' குறியுங்கள். அந்த நேரம் வந்துவிட்டால் சிகரம் கண்ணெதிரே இருந்தாலும் திரும்ப வேண்டும். கால் வழுக்குவது பெரும்பாலும் இறங்கும்போதுதான்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. வனத்துறை அனுமதிச் சீட்டைக் காட்ட முடியுமா? அதில் பாதையின் பெயர், தேதி, ஆட்களின் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா?

2. வழிகாட்டி அந்த ஊர்க்காரரா? எத்தனை பேருக்கு ஒருவர்?

3. தீ அல்லது மழை எச்சரிக்கை வந்தால் ரத்து செய்வீர்களா? பணம் திரும்ப வருமா? (பணம் போய்விடும் என்பதற்காகவே பல குழுக்கள் தப்பான நாளில் ஏறுகின்றன.)

4. பாதியில் ஒருவருக்கு முடியாமல் போனால், எந்த வழியாக, எவ்வளவு நேரத்தில் கீழே கொண்டுவருவீர்கள்?

5. முதலுதவிப் பெட்டி, காப்பீடு உண்டா?

இதில் ஒன்றுக்காவது "அதெல்லாம் பார்த்துக்கலாம் ப்ரோ" என்று பதில் வந்தால், நீங்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம்.

மாட்டிக்கொண்டால்?

2022 பிப்ரவரியில் பாலக்காடு மலம்புழை அருகே உள்ள குரும்பாச்சி மலையில் ஏறிய 23 வயது உள்ளூர் இளைஞர் இறங்கும்போது வழுக்கி, செங்குத்துப் பாறையின் ஒரு பொந்தில் மாட்டிக்கொண்டார். உணவும் தண்ணீரும் இல்லாமல் இரண்டு நாள். ஹெலிகாப்டர் நெருங்க முடியவில்லை. கடைசியில் ராணுவ வீரர்கள் கயிற்றில் இறங்கி மீட்டார்கள். அதே மாதம் இன்னொருவர் இரவில் அதே மலையில் ஏற, வனத்துறை அவரைத் தேடி இறக்க வேண்டியிருந்தது.

அந்த இளைஞர் பிழைத்ததற்கு இரண்டு காரணங்கள்: தான் இருக்கும் இடத்தைச் செல்போனில் தெரிவித்தார், உதவி வரும்வரை அசையாமல் இருந்தார். நீங்களும் அதையே செய்யுங்கள். வழி தவறினால் நில்லுங்கள். 112-ஐ அழையுங்கள், உங்கள் சிம்மில் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் சிக்னல் இருந்தால் அழைப்பு போகும். பேசும்போதே இருப்பிடத்தின் ஜிபிஎஸ் எண்களைச் சொல்லுங்கள். விசில் இருந்தால் சிறு இடைவெளி விட்டு மும்மூன்றாக ஊதுங்கள். போன் பேட்டரியைப் பாட்டுக்கும் வீடியோவுக்கும் செலவழிக்காதீர்கள்.

பையில் வேண்டியது குறைவுதான். மூன்று லிட்டர் தண்ணீர், ஓஆர்எஸ், கடலைமிட்டாய், மழைக்கோட்டு, கம்பளி ஸ்வெட்டர், டார்ச், விசில், கயிற்றுக்கட்டு, வழக்கமான மாத்திரைகள், அட்டைக்கு ஒரு பொட்டலம் உப்பு. தீப்பெட்டியும் சிகரெட்டும் கூடாது. கொண்டுபோகும் பிளாஸ்டிக் அத்தனையும் உங்களோடு திரும்பி வர வேண்டும்.

கடைசியாக ஒன்று

குரங்கணியிலிருந்து மேலே போகும் பாதைகள் நம் பொழுதுபோக்குக்காக வந்தவை அல்ல. நூறு வருடங்களுக்கு முன் மூணாறுத் தேயிலை டாப் ஸ்டேஷன் வரை சிறு ரயிலில் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கி இந்தப் பக்கம் இறங்கியது. 1924 வெள்ளம் அந்த ரயிலைக் கொண்டுபோனது. தோட்ட வேலைக்காகத் தமிழ்க் குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு இந்த மலைகளை நடந்தே ஏறின. அவர்கள் யாரும் தனியாக ஏறவில்லை. வழி தெரிந்த ஒருவர் முன்னால் போனார், எப்போது போய்ச் சேருவார்கள் என்பது கீழே ஒருவருக்குத் தெரிந்திருந்தது.

நீங்களும் கிளம்பும் முன் வீட்டில் ஒருவருக்கு நான்கு வரி அனுப்பிவிட்டுப் போங்கள்: எந்தப் பாதை, யாரோடு, எத்தனை மணிக்குக் கீழே இறங்குவேன், அதற்குள் போன் வரவில்லை என்றால் யாரைக் கூப்பிட வேண்டும். அனுப்ப ஒரு நிமிடம்கூட ஆகாது. கீழே வந்ததும் முதல் வேலையாக, ரீல்ஸுக்கு முன்னால், "வந்துட்டேன்" என்று அவருக்குச் சொல்லிவிடுங்கள்.